கமாலுதீன் வைத்த காற்றுவழி

1.

வந்திருந்தோர்: ஹபீபா பீவி, வீட்டுக்காரர், குளிர்காற்று வீசும் புதிய ஏர்கோனுக்கு நேர் கீழே, பிரம்பு நாற்காலியில். மரபுக் கட்டடங்களைப் பட்டியலிடும் குழுவிலிருந்து வந்த பிரமிளா, சோபாவின் ஓரத்தில், துப்பட்டாவைத் தோளைச் சுற்றி இழுத்துவிட்டபடி. அவருடன் வந்த ஸுல்கிஃப்லி, மாடிப்படியின் கீழே கேமராவுடன். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. ஹபீபா பீவியின் மகன் ஷஃபீக், வாசலோரம், கையில் ரிமோட். நான் சாப்பாட்டு மேசையில், கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு. வீட்டைக் கட்டிய கட்டடக் கலைஞர் கமாலுதீன் வரவில்லை. ஜப்பான்காரன் பினாங்கைப் பிடித்திருந்த காலத்திலேயே அவர் இறந்துவிட்டார்.

கூட்டக் குறிப்பு எழுதுகிறவன் இப்படித்தான் தொடங்குவான். கதை எழுதுகிறவன் எப்படித் தொடங்குவான் என்று எனக்குத் தெரியாது. நான் கதை எழுத உட்காரவில்லை. மற்றவர்களுக்காகக் கடிதம் எழுதித் தருவது என் வேலை: மேல்முறையீடு, முறையீடு, இரங்கல், ராஜினாமா. இதுவும் ஒரு விண்ணப்பத்தின் இணைப்பாகத்தான் பிறந்தது. "இணைப்பு அ: கட்டடக் கலைஞரின் வாழ்க்கைக் குறிப்பு, ஒரு பக்கத்துக்கு மேற்படாமல்" என்று படிவத்தில் கேட்டிருந்தார்கள். ஏதோ எழுதி அனுப்பிய பிறகும் அந்த ஒரு பக்கம் முடியவில்லை. முடியாதது வளர்ந்து இப்படி ஆகிவிட்டது.

நிபோங் திபால் பள்ளிக்கூடத்தில் குமாஸ்தாவாக இருந்தபோது இரண்டு பழக்கம் ஒட்டிக்கொண்டது. எண் போடாமல் பத்தி எழுதமாட்டேன். முழுதும் சத்தமாக வாசித்துக் காட்டாமல் கையெழுத்து வாங்கமாட்டேன். முதலாவதை இங்கேயும் கடைப்பிடிக்கிறேன். இரண்டாவதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

2.

வழக்கு இதுதான். பினாங்குத் தீவில், சுங்கை பினாங் வட்டாரத்தில், ஆற்றுக்கு முதுகு காட்டாமல் முகம் காட்டி நிற்கும் ஒரே பழைய வீடு அது. வீடு ஹபீபா பீவியுடையது. நிலம் வேறொருவருடையது. நிலக்காரரின் பிள்ளைகள் விற்றுவிட்டார்கள். வாங்கியவர்கள் அடுக்குமாடி எழுப்பப் போகிறார்கள். வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்துவிட்டது. ஜார்ஜ் டவுனின் பாதுகாக்கப்பட்ட எல்லைக்குள் அந்தத் தெரு வரவில்லை. இடிக்காமல் தடுக்க ஒரே வழி, இது காக்க வேண்டிய கட்டடம் என்று குழு ஏற்றுக்கொள்வது.

"எங்க தாத்தா கட்டுனது தம்பி. இன்னொருத்தருக்குக் கட்டல, தனக்குக் கட்டுனாரு. அதை எழுதுங்க" என்றார் ஹபீபா பீவி.

"எழுதறேன்க்கா. வேற என்ன தெரியும் அவரைப் பத்தி?"

அவர் வெகுநேரம் யோசித்தார். "ரொம்ப கோவக்காரராம்" என்றார்.

3.

வாழ்க்கைக் குறிப்பின் தொடக்கங்கள், வரிசைப்படி:

(அ) கமாலுதீன் கப்பலிலிருந்து இறங்கிய அன்று பினாங்கில் மழை கொட்டிக்கொண்

[நிறுத்திவிட்டேன். அன்று மழையா வெயிலா என்று யாருக்குத் தெரியும்? கப்பலில் வந்தாரா, இங்கேயே பிறந்தாரா என்பதே தெரியாது.]

(ஆ) இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தீவின் தலைசிறந்த கட்டடக் கலைஞர்களுள் ஒருவராகத் திகழ்ந்த

[இதை அடிக்கவில்லை. அப்படியே தட்டச்சு செய்து அனுப்பினேன். "திகழ்ந்த" என்று எழுதும்போது கை நிற்கவே இல்லை. ஆள் பெரியவர் என்று காட்டினால் வீடு தப்பிக்கும் என்று நம்பினேன். வீட்டின் படங்களையும் வைத்தேன்: மாடிப்படி, தரை ஓடு, சன்னல், கூரைக்குக் கீழே வரிசையாக இருந்த காற்றுத் துளைகள். படங்கள் சும்மா ஒரு துணைக்கு என்றுதான் எண்ணம்.]

(இ) கமாலுதீன் ஒரு வரைபடக்காரர்.

இதுதான் உண்மைக்குப் பக்கத்தில் வருகிறது. பீச் ஸ்திரீட்டில் ஒரு வெள்ளைக்காரக் கட்டட நிறுவனத்தில், மற்றவர் போட்ட கோட்டின் மேல் ஊடுதெரியும் மெழுகுத்துணியை விரித்து நகலெடுக்கும் வேலையில் சேர்ந்தார். பிறகு தானே கோடு போட்டார். கையெழுத்தை மட்டும் துரை போட்டார். இதை ஹபீபா பீவி சொன்னார். அவருக்கு அவருடைய வாப்பா சொன்னார். வாப்பாவுக்குக் கமாலுதீனே சொல்லியிருக்க வேண்டும், அதுவும் கோபமாக. எந்தெந்தக் கட்டடம் அவர் வரைந்தது என்று கேட்டால் சொல்ல ஒன்றுமில்லை. சில கிடங்குகள், ஒரு காவலர் குடியிருப்பு, மலையடிவாரத்தில் இரண்டொரு பங்களா என்று ஊகம். நகரத்தில் நடக்கும்போது நான் இப்போதெல்லாம் பழைய கிடங்குகளின் கூரையடியை அண்ணாந்து பார்க்கிறேன். எல்லாமே அவர் வரைந்ததுபோல் இருக்கிறது. எதுவும் அவர் வரைந்ததுபோல் இல்லை.

4.

அவரை என்னால் நம்ப முடியாமல் போன இடமும், பிறகு நம்பிய இடமும் ஒன்றே.

வியாழன் மாலையில் தமிழ் முஸ்லிம் வீடுகளில் சாம்பிராணி போடுவார்கள். ஒரு வியாழன், கமாலுதீன் பிஸ்கட் தகரத்தை வெட்டி வீடு மாதிரி ஒன்று செய்து, அதனுள் சாம்பிராணித் துண்டைப் புகையவிட்டாராம். முன்பக்கம் விசிறியால் வீசினாராம். புகை எங்கே தங்குகிறது என்று பார்த்து, அந்த இடத்தில் ஆணியால் துளை போட்டாராம். பக்கத்து வீட்டுக்காரர்கள் பள்ளிவாசலில் போய், கமாலுதீன் சூனியம் பழகுகிறான் என்று சொல்லிவிட்டார்கள். விசாரிக்க வந்த பெரியவரையும் உட்காரவைத்து விசிறச் சொன்னாராம்.

எந்த மேதையைப் பற்றியும் இப்படி ஒரு கதை சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் வைகாசி வெயிலில் ஒருநாள் விண்ணப்பத்துக்குக் கையெழுத்து வாங்கப் போய், அந்த ஹாலில் உட்கார்ந்தேன். மின்விசிறி ஓடவில்லை. ஆற்றுப் பக்கத் தாழ்ந்த சன்னல் வழியாகக் காற்று காலைத் தொட்டு வந்து, ஏறி, தலைக்கு மேலே எங்கோ போய்க்கொண்டே இருந்தது. சட்டை காய்ந்தது. அதற்கு மேல் சாட்சி கேட்க எனக்குத் தோன்றவில்லை.

நிறுவனத்தில் இதை எல்லாம் யாரும் கேட்கவில்லை. வாடிக்கையாளர்களுக்கு இங்கிலாந்தில் இருப்பதுபோல் முகப்பு வேண்டும், அவ்வளவுதான். முப்பதுகளின் பொருளாதார மந்தத்தில் நிறுவனம் மூடிய பிறகு கமாலுதீன் கடைக்குப் பின்கட்டு வரைந்தார், கழிப்பறை வரைந்தார். கடைசியாக வரைந்தது சுங்கை பினாங்கில் ஒரு மாட்டுக் கொட்டகை. "அந்த மாடுங்கதான் குடுத்து வச்சதுங்க" என்றார் ஹபீபா பீவி. கமாலுதீன் நினைத்ததை நினைத்தபடி கட்டியது ஒரே ஒரு தடவை. அது இந்த வீடு.

[இப்பத்தியை இணைப்பில் சேர்க்கவில்லை. மாட்டுக் கொட்டகை விண்ணப்பத்துக்குக் கேடு என்று நினைத்தேன்.]

5.

இனி, முதல் பத்தியில் உட்காரவைத்தவர்களிடம் திரும்புகிறேன். அவர்கள் இன்னும் குளிரில் இருக்கிறார்கள்.

குழு பார்வையிட வருகிறது என்று கடிதம் வந்ததும் நாள் குறிப்பிட்டு ஹபீபா பீவியிடம் தொலைபேசியில் சொன்னேன். அதற்குப் பிறகு, அன்று காலைதான் அந்த வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே சுவருக்கு அடித்த புதுச் சாய வாசனை. ஹாலுக்குள் நுழைந்ததும் முழங்கை சிலிர்த்தது.

"நல்லா சாஞ்சு உட்காருங்கம்மா, வெயில்ல வந்திருக்கீங்க" என்றார் ஹபீபா பீவி. "குளிர் பத்துதா? டேய், இன்னும் கொஞ்சம் குறைடா."

"பதினெட்டுல இருக்கு உம்மா. பதினாறு வரைக்கும் போகும்."

"ஐயோ, போதும் போதும்" என்றார் பிரமிளா.

"எங்க ஆபீஸை விட குளிரா இருக்குலா" என்றார் ஸுல்கிஃப்லி. ஷஃபீக்கின் முகம் மலர்ந்துவிட்டது. ஏர்கோன் பொருத்துவது அவன் தொழில். கமாலுதீனின் கொள்ளுப்பேரன் ஏர்கோன் பொருத்துகிறான் என்பதை நான் புனைந்திருந்தால் கூச்சப்பட்டு அடித்திருப்பேன். புனையவில்லை; ஆகவே இருக்கட்டும்.

பிரமிளா மேலே பார்த்துக்கொண்டிருந்தார். கூரைக்குக் கீழே நான்கு சுவரும் வழவழவென்று வெள்ளையாக இருந்தன.

"அக்கா, படத்துல பார்த்தோமே, மேல வரிசையா காத்து ஓட்டைங்க இருந்துச்சு..."

"அடைச்சாச்சும்மா! இல்லன்னா ஏர்கோன் காத்தெல்லாம் வெளிய ஓடிராதா? எல்லாம் இவன் வேலை. லீவு போட்டு, கூட்டாளிங்களைக் கூட்டிட்டு வந்து, நீங்க வர்றதுக்குள்ள முடிச்சிட்டான். முந்தி பார்த்திருந்தீங்கன்னா எனக்கு வெக்கமா இருந்திருக்கும். குருவி பாட்டுக்கு உள்ள வரும், போகும்."

"அதுல சாஞ்சாப்ல மண் பலகைங்க இருந்திருக்குமே?"

"பழசும்மா. உடைச்சு லோரியில ஏத்தி அனுப்பியாச்சு."

ஸுல்கிஃப்லி கேமராவைப் பையில் வைத்தார். ஹபீபா பீவி வற்புறுத்தியதால் பிரமிளா மூன்று துண்டு கேக் சாப்பிட்டார். வீடு அழகாக இருக்கிறது என்று இரண்டு தடவை சொன்னார்.

[இந்தக் கட்டத்தில் கதாசிரியர் யாராவது ஒருவரை முட்டாளாக்கி இருப்பார். நான் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. பெருநாளுக்கு விருந்தாளி வந்தால் நாம் என்ன செய்வோம்? சாயம் அடிப்போம். உடைந்ததை மறைப்போம். இருப்பதில் நல்ல நாற்காலியைப் போடுவோம். வீட்டைக் காப்பாற்ற வருகிறவர்களுக்கு வியர்க்கக்கூடாது என்று நினைத்தார்கள்.]

6.

வெளிவாசலில், கார் அருகே, பிரமிளா என்னிடமும் ஷஃபீக்கிடமும் சொன்னார்.

"தம்பி, கோவிச்சுக்காதீங்க. நாங்க வந்ததே அந்த ஓட்டைங்களைப் பார்க்கத்தான்."

"ஓட்டையைப் பார்க்கவா?" என்றான் ஷஃபீக்.

"படத்தைப் பார்த்துட்டு ஆபீஸ்ல எல்லாரும் சண்டை போட்டாங்க, யார் வர்றதுன்னு. இந்த மாதிரி ஒரு அமைப்பை இந்தத் தீவுல நாங்க வேற எங்கயும் பார்க்கல."

ஷஃபீக் சிரித்தான். சிலர் அடிவாங்கியதும் முதலில் சிரித்துவிடுவார்கள். "அப்ப... நான் உடைச்சு எடுத்துடறேன். சிமெண்டுதானே. நாளைக்கே எடுத்துடறேன்."

"பலகை?" என்று கேட்டார் பிரமிளா.

அவன் லோரி போன தெருவைப் பார்த்தான்.

பிரமிளா குரலைத் தாழ்த்தினார். முடிவு பாதகமாகத்தான் வரும். வந்ததும் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் யார் அடைத்தது, எப்போது, பலகைகள் என்ன ஆயின என்று எல்லாவற்றையும் வீட்டுக்காரர் கையெழுத்தோடு எழுதித் தர வேண்டும். ஒன்றை மறைத்தாலும் அங்கேயே தள்ளிவிடுவார்கள். மறைக்காவிட்டாலும் வாய்ப்பு குறைவு.

"எவ்வளவு குறைவு?" என்று கேட்டேன்.

"அண்ணே, நீங்க கேட்டதால சொல்றேன். இது என் சொந்த வீடா இருந்தா நான் ஆளை வெச்சு சாமான் கட்ட ஆரம்பிச்சிருப்பேன்."

கார் போன பிறகு ஷஃபீக் என் தோளைப் பிடித்துக்கொண்டான். "அண்ணே, உம்மாவுக்கு இது தெரியக்கூடாது. ஆளு பெரிய ஆளு இல்லைன்னு வேணாம்னுட்டாங்கன்னு சொல்லிக்குவோம். செத்தவரு மேல போட்டுருவோம்லா. அவரு என்ன கோவிச்சுக்கவா போறாரு?"

7.

முடிவு பாதகமாகவே வந்தது. "மூல அம்சங்கள் எஞ்சவில்லை" என்ற ஒரு வரி. நான் அதைத் தமிழில் சொல்லும்போது மழுப்பினேன். ஹபீபா பீவி தலையாட்டிக்கொண்டார்.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை காலை எனக்குத் தொலைபேசியில் அழைத்தார்.

"தம்பி, பக்கத்துல யாரும் இருக்காங்களா?"

"இல்லக்கா, சொல்லுங்க."

"நேத்து சாம்பிராணி போட்டேன். வேலை முடிஞ்சதுலேர்ந்து இவன் போடவே விடல, ஏர்கோன் ஃபில்டர் அடைச்சுக்கும்னு. நேத்து அவன் வெளிய போனான், போட்டேன். புகை போகவே இல்ல தம்பி. அப்படியே தலைக்கு மேல நின்னுக்கிட்டு என்னையே பார்த்துக்கிட்டு இருந்துச்சு. கண்ணெல்லாம் எரிஞ்சுது. அப்பதான் புரிஞ்சுது, அந்தப் பொண்ணு ஏன் மேலயே பார்த்துச்சுன்னு."

தொலைபேசியை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"கேக்கறேன், உண்மையைச் சொல்லுங்க. அதுக்குத்தானே வேணாம்னாங்க?"

"ஆமாக்கா."

"இவனுக்குத் தெரியுமா?"

தெரியும் என்று சொல்லியிருக்க வேண்டும். "தெரியலக்கா" என்றேன்.

"தெரிய வேணாம். தாங்க மாட்டான். சின்ன வயசுலேர்ந்து எதை எடுத்தாலும் உடைச்சிருவான், நான் திட்டிக்கிட்டே இருப்பேன். இது ஒண்ணுதான் முழுசா முடிச்சு, உம்மா பாருன்னு காட்டுனான்."

8.

மேல்முறையீட்டுக் கடிதத்தை மலாயில் எழுதினேன். ஆறு பத்திகள். நான்காவது பத்தியில், துளைகளை அடைத்தது உட்பட எல்லாம் இருந்தது. தாய் தனியாக வந்து சொன்னார்: "எழுதுங்க தம்பி, எழுதாம இருக்க வேணாம். ஆனா வாசிக்கும்போது அதை விட்டுடுங்க. அவன் பக்கத்துல இருப்பான்." மகன் தனியாக வந்து சொன்னான்: "எழுதியே ஆகணும், தெரியும். உம்மாவுக்கு வாசிக்கும்போது மட்டும் அதைத் தாண்டிருங்க அண்ணே."

அதே ஹால். ஹபீபா பீவி பிரம்பு நாற்காலியில். ஷஃபீக் இந்தத் தடவை அவர் காலடியில், தரையில். ஏர்கோன் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்த யாருக்கும் துணிவில்லை. நிறுத்தினால் ஏன் நிறுத்தினாய் என்று கேட்க வேண்டிவரும்.

ஒவ்வொரு பத்தியையும் தமிழில் சொல்லி வாசித்தேன். எண்ணையும் சேர்த்து வாசிப்பது என் வழக்கம். வாயை அடக்கத் தெரியவில்லை.

"ஒன்று," என்றேன். வீட்டு விவரம். "இரண்டு." நிலம் கைமாறிய விவரம். "மூன்று." கமாலுதீன் பற்றி, இந்தத் தடவை "திகழ்ந்த" இல்லை, மாட்டுக் கொட்டகை இருந்தது. ஹபீபா பீவி சிரித்தார்.

"ஐந்து" என்றேன்.

மகன் தரை ஓட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். தாய் மகனின் உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான்கு எங்கே என்று இருவரில் யாரும் கேட்கவில்லை. நான் தொடர்ந்து வாசித்தேன். என் குரல் அந்த அறையில் மேலே போய்ப் போய்த் திரும்பி வந்தது.

"முழுசா வாசிச்சிட்டீங்களா தம்பி?" என்றார் ஹபீபா பீவி.

"வாசிச்சிட்டேன்க்கா."

"நல்லா எழுதியிருக்கீங்க அண்ணே" என்றான் ஷஃபீக்.

அவர் கையெழுத்துப் போட்டார்.

9.

வாசகரே, உங்களிடம் மறைக்க எனக்குக் காரணம் இல்லை. நான்காம் பத்தி, தமிழில், இது:

"மேற்கூறிய வீட்டின் நான்கு சுவர்களிலும் கூரைக்குக் கீழே, சுடுமண் பலகைகளாலான காற்றுத் துளைகள் இருந்தன. பலகைகளின் சாய்வு ஒவ்வொரு சுவரிலும் வேறு. ஆற்றுப் பக்கத் தாழ்ந்த சன்னல்கள் வழியே நுழைந்த காற்று, வீட்டின் சூட்டைச் சுமந்துகொண்டு இவற்றின் வழியே வெளியேறியது. எத்திசையிலிருந்து மழை அடித்தாலும் உள்ளே சாரல் விழுந்ததில்லை. தங்கள் குழுவின் வருகைக்கு முன், வருகிறவர்களின் வசதி கருதி, என் மகன் ஷஃபீக் பலகைகளை அகற்றித் துளைகளைச் சிமெண்டால் அடைத்தான். பலகைகள் இப்போது இல்லை. அவற்றின் அளவும் சாய்வும் எங்கும் குறித்து வைக்கப்படவில்லை. எனினும் அவற்றை மீண்டும் அமைக்கத் தங்கள் அனுமதியையும் ஆலோசனையையும் கோருகிறேன்."

எழுதி முடித்துப் படித்தபோதுதான் கண்டேன். முதல் நான்கு வாக்கியங்கள்தான் கமாலுதீனின் வாழ்க்கைக் குறிப்பு. நான் அத்தனை தடவை தொடங்கித் தோற்றது அதுதான். இல்லாமல் போனதை விளக்க வேண்டி வந்ததால்தான், இருந்தது என்ன என்று என்னால் எழுத முடிந்தது. அவருடைய வேலையைப் பற்றி இந்த உலகத்தில் உள்ள நேரான எழுத்து அவ்வளவே. அதைக் கேட்க வேண்டிய இரண்டு பேரும் கேட்கவில்லை. கேட்காதபடி நான் வாசித்தேன்.

அந்த வீட்டின் வரைபடத்தில் கையெழுத்துப் போட்டவர் அவரே என்கிறார்கள். வரைபடம் கிடைக்கவில்லை.

10.

முடிவுகள்.

முதல் முடிவு: குழு இரங்குகிறது. யாரோ ஒரு குயவரிடம் புதுப் பலகை சுட்டு வாங்கி ஷஃபீக்கே பொருத்துகிறான். [எந்தச் சாய்வில்? படத்தைப் பார்த்து வைக்கலாம். காற்று படத்தைப் பார்த்து வராது. அடித்துவிட்டேன்.]

இரண்டாம் முடிவு: வீடு இடிபடுகிறது. ஹபீபா பீவி தீவின் மறுபக்கம், பாலிக் புலாவில், மகள் வீட்டுக்குப் போகிறார். அங்கே அவர் அறையில் ஷஃபீக் ஏர்கோன் மாட்டுகிறான்; நல்ல கம்பெனி, சத்தமே வராது. அவர் நல்லா இருக்குடா என்கிறார். [அடிக்கவில்லை. அடிக்க ஒரு காரணம் தேடிக்கொண்டிருக்கிறேன்.]

மூன்றாம் முடிவு: வீடு இருக்கட்டும், போகட்டும். ஒருநாள் இரண்டு பேரில் ஒருவர் வாய் திறந்து, எனக்குத் தெரியும் என்கிறார். மற்றவர்

[இதற்கு மேல் எனக்கு வரவில்லை. முதலில் பேசுவது தாயா, மகனா? பேசிய பிறகு அந்த வீட்டில் இன்னும் கொஞ்சம் நாள் இருக்க முடியுமா? கடிதம் எழுதுகிறவனுக்கு இதில் வேலை இல்லை. உங்களுக்கு ஒரு தாயோ மகனோ இருந்தால் நீங்கள் எழுதிப் பாருங்கள். எனக்கு அனுப்ப வேண்டாம்.]

நான் செய்யக்கூடியதைச் செய்தேன். ஆறு பத்திகளையும் வரிசைப்படி அடுக்கி மடித்தேன். உறைக்குள் வைத்து, ஓரத்தைத் தடவி ஒட்டி, அதன் மேல் ஒரு பசைநாடாவும் ஒட்டினேன். மழை தூறிக்கொண்டிருந்ததால் நெகிழிப்பைக்குள் போட்டுக்கொண்டு அஞ்சலகத்துக்கு நடந்தேன்.

கவுண்டரில் இருந்த பெண் உறையைத் திருப்பிப் பார்த்தாள். "அனுப்புறவங்க முகவரி போடல அங்கிள். பதில் வந்தா எங்க போறது?"

சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து ஹபீபா பீவியின் பெயரை எழுதினேன். அதன் கீழே சுங்கை பினாங் வீட்டு எண்ணையும் தெருவையும் அஞ்சல் குறியீட்டையும் எழுதினேன். அவள் முத்திரை குத்தி, உறையைப் பின்னால் இருந்த சாக்கில் போட்டாள்.